கடலூர் ஃபைலும் புதுச்சேரி ஃபைலும்: லிங்க் உடையாமல் பகிர எந்த வழி?

புதுச்சேரியில் ஒரு கடை, கடலூரில் ஒரு குடோன். இடையில் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. கணக்கில் அது வேறு மாநிலம். தமிழ்நாட்டுப் பதிவு எண் 33 என்று தொடங்கும், புதுச்சேரிப் பதிவு எண் 34 என்று தொடங்கும். ஒரே முதலாளி, ஒரே பான் எண் என்றாலும் இரண்டு பதிவு, இரண்டு கணக்கு. சொந்தக் கிளைக்குச் சரக்கு அனுப்பினாலும் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) போட்டு பில் எழுத வேண்டும். அதனால் இந்தப் பக்கத்துச் சின்ன வியாபாரங்களில்கூடக் குறைந்தது மூன்று எக்செல் ஃபைல் இருக்கும். கடலூர் ஸ்டாக் ஒன்று, புதுச்சேரி விற்பனை ஒன்று, இரண்டையும் சேர்த்துக் காட்டும் மொத்தக் கணக்கு ஒன்று.

தலைவலி அந்த மூன்றாவது ஃபைலில்தான். மற்ற இரண்டிலிருந்தும் லிங்க் மூலம் எண்களை இழுத்துக் காட்டுகிற ஃபைல் அது. ஒரே கணினியில் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும். கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ போட்டு இன்னொருவருக்குப் பகிர்ந்ததும் லிங்க் உடைய ஆரம்பிக்கும். எக்செல்லிலேயே சரிசெய்து ஓட்டலாமா, கூகுள் ஷீட்ஸுக்கு மாறலாமா, லிங்கே வேண்டாமென்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுவிடலாமா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். என் கணக்கில் ஐந்து வழிகள் உண்டு. அவற்றை எடை போடுவதற்கு முன்னால் லிங்க் ஏன் உடைகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

## லிங்க் எதை நினைவில் வைத்திருக்கிறது

எக்செல்லில் இன்னொரு ஃபைலிலிருந்து எண்ணை எடுக்கும் செல் ஒன்றைச் சொடுக்குங்கள். மூல ஃபைல் மூடியிருந்தால் மேலே ஃபார்முலா பட்டையில் முழு வழியும் தெரியும். சி டிரைவ், அதில் யூசர்ஸ், அடுத்து அந்தக் கணினிக்காரரின் பெயர், ஒன்டிரைவ், கணக்கு ஃபோல்டர், சதுர அடைப்புக்குள் ஃபைலின் பெயர், பிறகு ஷீட், கடைசியில் செல். நடுவில் இருக்கும் அந்த ஆள் பெயர்தான் வினை. கடலூர்க் கணினியில் அமைத்த லிங்கைப் புதுச்சேரிக் கணினியில் திறந்தால், அந்தப் பெயரில் அங்கே யூசர் யாரும் இல்லை.

கூகுள் டிரைவைக் கணினியில் நிறுவியவர்களுக்கு அது ஜி டிரைவ் என்று தெரியும். இன்னொருவருக்கு வேறு எழுத்தாக இருக்கலாம். புதுச்சேரியில் கணினியைப் பிரெஞ்சு மொழியில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 'மை டிரைவ்' ஃபோல்டரே 'மொன் டிரைவ்' என்று வரும். வழியில் ஒரு சொல் மாறினால் போதும், எக்செல்லைப் பொறுத்தவரை அது வேறு இடம். ஒன்டிரைவில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஆட்டோசேவ் போட்டுத் திறந்த ஃபைலுக்கு, கணினி வழிக்குப் பதில் இணைய முகவரி லிங்கில் பதிவாகிவிடும். அந்த முகவரியில் உரிமையாளரின் கணக்கு அடையாளமும் சேர்ந்திருக்கும். அனுமதி இல்லாதவர் திறந்தால் லிங்க் புதுப்பிக்க முடியாமல் நிற்கும்.

சரி, உடைந்தால் உடனே தெரிந்துவிடுமே என்று நினைப்போம். இல்லை. இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எக்செல் கடைசியாக இழுத்த எண்ணை ஃபைலுக்குள்ளேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். மூல ஃபைல் கிடைக்காவிட்டாலும் அந்தப் பழைய எண்ணை அப்படியே காட்டும். திறக்கும்போது 'அப்டேட் செய்யவா' என்று கேட்கும். நாம் அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்துவோம். 12-ஆம் தேதி ஸ்டாக் 20-ஆம் தேதியும் அதே கட்டத்தில், அதே நிறத்தில் நிற்கும். 'ரெஃப்' (#REF!) என்று பிழை காட்டினால் அது நல்லது. குறைந்தது யாராவது கேட்பார்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. மொத்தக் கணக்கு ஃபைல் மூடியிருக்கும் நேரத்தில் கடலூர்க்காரர் தன் ஃபைலில் நடுவே ஒரு புது வரியை (row) சேர்க்கிறார் என்று வையுங்கள். இரண்டு ஃபைலும் திறந்திருந்தால் எக்செல் லிங்கைத் தானாக நகர்த்திவிடும். மூடியிருந்தால் நகர்த்தாது. டி47 செல்லைக் கேட்ட லிங்க் டி47-ஐத்தான் கேட்கும். ஆனால் முந்திரிப் பருப்பு மூட்டை டி48-க்குப் போயிருக்கும். லிங்க் உடையவில்லை, எண்ணும் புதிதுதான், ஆனால் அது வேறு சரக்கின் எண்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: தவறான எண் சத்தமில்லாமல் நிற்க வாய்ப்பு எவ்வளவு? மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி (வரி கட்டும் சுருக்க அறிக்கை). அந்த நாள்களின் நெருக்கடியில் ஒரு எண் பழையதா புதியதா என்று யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை.

இரண்டாவது, யார் எதில் திறக்கிறார்கள். கணக்கர் லேப்டாப்பில் எக்செல் வைத்திருப்பார், முதலாளி போனில் பார்ப்பார், ஆடிட்டர் அலுவலகத்தில் பழைய எக்செல் இருக்கும். மூவருக்கும் ஒரே வழி பொருந்தாது.

மூன்றாவது, நெட் இல்லாத நாள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் சரியாகக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டு நாள் மின்சாரமும் நெட்டும் இல்லாமல் போவது நமக்குப் புதிதில்லை. அப்போதும் பில் போட வேண்டும், ஸ்டாக் பார்க்க வேண்டும்.

நான்காவது, யார் எதைப் பார்க்கலாம். கொள்முதல் விலை குடோன் ஆளுக்குத் தெரிய வேண்டியதில்லை, சம்பளப் பட்டியல் யாருக்கும் தெரியக் கூடாது.

ஐந்தாவது, ஏப்ரல் 1. புது நிதியாண்டுக்கு எல்லோரும் பழைய ஃபைலைக் காப்பி எடுத்துத்தான் தொடங்குவோம். அன்றைக்கு லிங்க் என்ன ஆகிறது என்பதை யோசிக்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

| வழி | பழைய எண் ஏமாற்றுமா | நெட் இல்லாத நாளில் | போனில் | ஏப்ரல் 1 வேலை |
|---|---|---|---|---|
| ஒரே ஃபோல்டரில் எக்செல் லிங்க் | அதிக வாய்ப்பு | ஓடும் | கடைசியாகச் சேமித்த எண்தான் | குறைவு, முழு ஃபோல்டரையும் காப்பி எடுத்தால் |
| கூகுள் ஷீட்ஸ், இம்போர்ட்ரேஞ்ச் (இன்னொரு ஷீட்ஸ் ஃபைலிலிருந்து எண்களை இழுக்கும் ஃபார்முலா) | குறைவு | புது எண் வராது | நன்றாகத் தெரியும் | அதிகம் |
| பவர் குவெரி (முழுப் பட்டியலையும் இழுக்கும் எக்செல் வசதி) | ரிஃப்ரெஷ் மறந்தால் உண்டு | ஓடும் | கடைசி ரிஃப்ரெஷ் எண்தான் | ஓரிடத்தில் மாற்றினால் போதும் |
| எல்லாம் ஒரே ஃபைல் | இல்லை | இடத்தைப் பொறுத்தது | நன்றாகத் தெரியும் | மிகக் குறைவு |
| லிங்க் இல்லாத பிரதி | தேதி எழுதினால் இல்லை | ஓடும் | நன்றாகத் தெரியும் | இல்லை |

## வழி 1: ஒரே ஃபோல்டர், எக்செல் லிங்க்

பழகிய வழி, பணச் செலவும் இல்லை. இதில் பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று உண்டு. மூல ஃபைலும் மொத்தக் கணக்கு ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், எக்செல் லிங்கைச் சேமிக்கும்போது முழு வழியையும் எழுதுவதில்லை, ஃபைலின் பெயரை மட்டுமே எழுதும். திரையில் முழு வழி தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது பெயர்தான். அதனால் அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கி ஜி டிரைவிலிருந்து எச் டிரைவுக்கு வைத்தாலும் லிங்க் பிழைத்துக்கொள்ளும். உடைகிற லிங்குகளில் பெரும்பாலானவை, மூல ஃபைல் டெஸ்க்டாப்பிலும் மொத்தக் கணக்கு கிளவுடிலும் இருக்கும்போது போட்டவை.

ஏற்கெனவே உடைந்ததைச் சரிசெய்ய: மூன்று ஃபைலையும் பகிர்ந்த ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். மொத்தக் கணக்கைத் திறந்து டேட்டா மெனுவில் 'எடிட் லிங்க்ஸ்' போங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் இதன் பெயர் 'வொர்க்புக் லிங்க்ஸ்'. பழைய வழியைக் காட்டும் ஒவ்வொரு வரிக்கும் 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்து, ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலைக் காட்டுங்கள். சேமித்து மூடி, அடுத்த ஊர்க் கணினியில் திறந்து பாருங்கள். அமைத்த கணினியிலேயே திறந்து பார்ப்பது சோதனை ஆகாது; அங்கே பழைய வழியும் வேலை செய்யும்.

பட்டியலில் வராத லிங்குகள் சில நேரம் ஒளிந்திருக்கும். எத்தனை முறை சரிசெய்தாலும் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால், நேம் மேனேஜரிலும், டேட்டா வேலிடேஷன் பட்டியல்களிலும், கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கிலும் தேடுங்கள். ஃபைண்ட் பெட்டியில் திறப்புச் சதுர அடைப்பைப் போட்டு, முழு வொர்க்புக்கிலும் ஃபார்முலாக்களுக்குள் தேடச் சொன்னால் செல்களில் இருப்பவை வரிசையாக வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை இறக்கினால் பெயரோடு அடைப்புக்குறியில் 1 என்று சேர்ந்துகொள்ளும். அதை ஃபோல்டரில் போட்டுவிட்டு 'புது ஃபைல் வைத்துவிட்டேன்' என்பார்கள். லிங்க் பழைய பெயரையே படித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தி சிங்க் குழம்பினால், ஒன்டிரைவ் கணினியின் பெயரை ஒட்டி இன்னொரு பிரதி உருவாக்கும். அந்தப் பிரதிக்குள் போன பதிவுகள் மொத்தத்துக்கு வரவே வராது.

ஃபார்முலாக்களிலும் கவனம் தேவை. விலுக்அப், இண்டெக்ஸ், மேட்ச் போன்றவை மூல ஃபைல் மூடியிருந்தாலும் வேலை செய்யும். சம்இஃப், கவுன்ட்இஃப் மூடிய ஃபைலுக்கு 'வேல்யூ' பிழை தரும், இன்டைரக்ட் 'ரெஃப்' பிழை தரும். "என் சிஸ்டத்துல வருது சார், உங்களுக்கு மட்டும்தான் வரல" என்ற பேச்சு எழுகிற இடம் இதுதான். சொல்பவர் இரண்டு ஃபைலையும் திறந்து வைத்திருப்பார், கேட்பவர் ஒன்றை மட்டும். சம்இஃப் இருக்கும் இடத்தில் சம்புராடக்ட் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

டி47 நகர்ந்துபோகும் சிக்கலுக்கு மருந்து, செல்லின் முகவரியைக் கேட்காமல் சரக்கின் பெயரை வைத்து விலுக்அப்பில் தேடுவது. அல்லது மொத்தம் வரும் செல்லுக்கு மூல ஃபைலிலேயே ஒரு பெயர் வைத்து அந்தப் பெயருக்கு லிங்க் கொடுப்பது.

இன்னொரு விஷயம், தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு. எக்செல்லில் ஃபைலின் முழு வழி, பெயரோடு சேர்த்து 218 எழுத்தைத் தாண்டக் கூடாது. லிங்க் இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். 'புதுச்சேரி' என்ற ஒரு சொல்லே 90 எழுத்து ஆகிவிடும். ஷீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் தமிழில் எழுதுங்கள். ஃபைல், ஃபோல்டர் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்குள் சதுர அடைப்பு வேண்டவே வேண்டாம்.

புயல் நாளில் இந்த வழி கைகொடுக்கும், ஒரு நிபந்தனையோடு: ஃபைல்கள் கணினிக்குள் இறங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் மேக அடையாளம் மட்டும் இருந்தால் ஃபைல் இணையத்தில்தான் இருக்கிறது. ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு கொடுத்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற அமைப்பை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

யாருக்கு ஏற்றது: இரண்டு அல்லது மூன்று பேர், எல்லோரும் கணினியில் எக்செல், மொத்தக் கணக்கைத் திறந்து பார்ப்பவர் ஒருவரே. நான்காவது ஆள் சேர்ந்தால் அடுத்த வழிகளைப் பாருங்கள்.

## வழி 2: கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட்ரேஞ்ச்

இங்கே லிங்கின் இயல்பே வேறு. கூகுள் ஷீட்ஸ் ஃபைலின் பெயரையோ இடத்தையோ பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. இம்போர்ட்ரேஞ்ச் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஃபைலுக்கு வேறு பெயர் வைக்கலாம், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தலாம், லிங்க் உடையாது. உங்கள் கணினியில் ஜி டிரைவா எச் டிரைவா என்ற கேள்வியே எழாது. முதல் தடவை மட்டும் 'அலோ ஆக்சஸ்' என்று கேட்கும், ஒரு சொடுக்கு. முதலாளி போனில் திறந்தாலும் அதே எண்தான்.

ஃபைல் திறந்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை மூலத்தைச் சரிபார்க்கும் என்று கூகுள் சொல்கிறது. கடை மொத்தத்துக்கு அது தாராளம்.

செலவு எங்கே வருகிறது? முதலில் அனுமதி. 'அலோ ஆக்சஸ்' ஒரு முறை கொடுத்துவிட்டால், மொத்தக் கணக்கு ஃபைலைத் திருத்தும் உரிமை உள்ள யாரும் மூல ஃபைலின் எந்த ஷீட்டிலிருந்தும் எண்களை இழுக்கலாம். நீங்கள் ஸ்டாக் ஷீட்டை மட்டும் நினைத்து அனுமதி தந்திருப்பீர்கள். அதே ஃபைலில் சம்பள ஷீட் இருந்தால் அதற்கும் கதவு திறந்ததாகிவிடும். சம்பளம், கொள்முதல் விலை இருக்கும் ஷீட்டுகளைத் தனி ஃபைலாகப் பிரித்த பிறகே இந்த வழிக்கு வாருங்கள்.

அந்த அனுமதி அதைக் கொடுத்த ஆளோடு கட்டப்பட்டது என்பதையும் கவனியுங்கள். கணக்கர் வேலையை விட்டுப் போகிறார், மூல ஃபைலிலிருந்து அவர் பெயரை நீக்குகிறீர்கள். மறுநாள் மொத்தக் கணக்கில் 'ரெஃப்' வரும். அனுமதியைக் கடை முதலாளியின் கணக்கிலிருந்து கொடுப்பதுதான் சரி. ஃபைல்களின் உரிமையும் கடையின் பெயரில் உள்ள கூகுள் கணக்கில் இருக்கட்டும், ஊழியரின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம்.

ஏப்ரல் 1 இந்த வழிக்குக் கடினமான நாள். 'மேக் எ காப்பி' கொடுத்தால் புதுப் பிரதிக்குப் புது அடையாள எண் வரும். ஆனால் புது மொத்தக் கணக்குக்குள் இருக்கும் ஃபார்முலா போன ஆண்டு ஃபைலின் எண்ணையே வைத்திருக்கும். கேட்கும்போது 'அலோ ஆக்சஸ்' அழுத்திவிட்டால் பிறகு பிழை எதுவும் காட்டாது. பழைய ஃபைலும் அங்கேயே இருப்பதால், மார்ச் 31 எண்களை ஏப்ரல் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நல்ல தீர்வு, மூல ஃபைல்களின் முகவரிகளை மொத்தக் கணக்கில் 'அமைப்பு' என்று ஒரு ஷீட்டில் எழுதி வைத்து, எல்லா இம்போர்ட்ரேஞ்சும் அந்தச் செல்லைப் படிக்கும்படி எழுதுவது. ஏப்ரலில் இரண்டு செல்லை மாற்றினால் வேலை முடிந்தது.

மூல ஷீட்டின் பெயரை மாற்றினால் இதுவும் உடையும். இம்போர்ட்ரேஞ்சுக்குள் எழுதும் ஷீட் பெயரும் செல் எல்லையும் வெறும் எழுத்துதான், தானாக நகராது. பெயர் வைத்த எல்லையைக் கொடுத்தால் நடுவில் நெடுவரிசை (column) சேர்த்தாலும் தப்பிக்கலாம்.

எக்செல்லுக்குத் திரும்பும்போதும் கவனம். இம்போர்ட்ரேஞ்ச் உள்ள ஷீட்டை எக்செல் ஃபைலாக இறக்கினால், எக்செல்லுக்குத் தெரியாத ஒரு போலி ஃபங்ஷனாக அது மாறும். இறக்கிய நேரத்தின் எண் மட்டும் அதில் நிற்கும், பிறகு மாறாது. எதிர்த் திசையிலும் அப்படித்தான். லிங்க் உள்ள எக்செல் ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றினால் அந்த லிங்க் அப்படியே ஓடும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். பாதிப் பேர் எக்செல்லிலும் பாதிப் பேர் ஷீட்ஸிலும் இருந்தால் இந்த வழியை எடுக்காதீர்கள். மாறுவதென்றால் எல்லோரும் ஒரே வாரத்தில் மாற வேண்டும்.

யாருக்கு ஏற்றது: போனில் பார்ப்பவர்கள் அதிகம், இரண்டு ஊரிலும் நாள் முழுக்கப் பதிவு நடக்கிறது, ஷீட்டில் உள்ள வரிகளின் (row) எண்ணிக்கை சில ஆயிரத்துக்குள்.

## வழி 3: பவர் குவெரி

எக்செல்லை விட முடியாது, ஆனால் செல்லுக்குச் செல் லிங்க் போட்டு அலுத்துவிட்டது என்பவர்களுக்கு இது. எக்செல் 2016 முதல் டேட்டா மெனுவிலேயே இருக்கிறது. செல்லை இழுக்காமல் முழுப் பட்டியலையும் இழுக்கும், அதுவும் நெடுவரிசையின் பெயரை வைத்து. நடுவில் வரி சேர்ந்தாலும் டி47 குழப்பம் வராது. மூல ஃபைல் மூடியிருந்தாலும் கவலையில்லை.

டேலி கணக்கு மென்பொருளிலிருந்து ஸ்டாக் பட்டியலை எக்செல்லாக எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மேலே கடை பெயர், முகவரி, தேதி என்று நாலைந்து வரி வரும், கீழே மொத்த வரி வரும். ஒவ்வொரு முறையும் அழிக்கிற வேலையை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். அடுத்த வாரம் புது ஃபைலை அதே பெயரில், அதே இடத்தில் வைத்து ரிஃப்ரெஷ் கொடுத்தால் சுத்தமாக வந்து உட்காரும். ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலையும் சேர்த்து எடுக்கவும் முடியும். மாதத்துக்கு ஒரு ஃபைல் போடுபவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆனால் வழிப் பிரச்சினை இதிலும் உண்டு. பவர் குவெரி முழு வழியையும் எழுதி வைத்துக்கொள்ளும். வழி 1-இல் கிடைத்த 'ஒரே ஃபோல்டர்' சலுகை இங்கே இல்லை. சாதகம் என்னவென்றால், நூறு செல்லில் இருந்த வழி இப்போது ஓரிடத்தில் இருக்கிறது. ஃபோல்டர் வழியை ஷீட்டின் ஒரு செல்லில் எழுதி, குவெரி அதைப் படிக்கும்படி அமைத்துவிட்டால், புதுச்சேரிக்காரர் தன் வழியை அந்தச் செல்லில் ஒட்டி ரிஃப்ரெஷ் கொடுத்தால் போதும். முதல் முறை 'ஃபார்முலா ஃபயர்வால்' என்று தடுக்கலாம். பிரைவசி லெவல் அமைப்பைச் சரிசெய்தால் போய்விடும்.

ரிஃப்ரெஷ் கொடுக்க மறந்தாலும், கொடுத்து அது தோற்றாலும், அட்டவணையில் பழைய எண்கள் அப்படியே இருக்கும். 'ஃபைல் திறக்கும்போது ரிஃப்ரெஷ்' என்ற அமைப்பைக் கட்டாயம் போட்டுவையுங்கள்.

உண்மையான செலவு ஆள்தான். இதை அமைத்தவர் இருக்கும்வரை எல்லாம் அருமை. அவர் போன பிறகு மூல ஃபைலில் யாராவது 'அளவு' என்ற தலைப்பை 'எண்ணிக்கை' என்று மாற்றினால், நெடுவரிசையைக் காணவில்லை என்று நின்றுவிடும். கடையில் இரண்டாவது ஒருவருக்கும் இதைச் சொல்லித்தர முடியுமென்றால் மட்டும் இறங்குங்கள்.

## வழி 4: எல்லாம் ஒரே ஃபைலில்

லிங்க் இல்லையென்றால் உடைவதற்கும் எதுவும் இல்லை. கடலூர் ஒரு ஷீட், புதுச்சேரி ஒரு ஷீட், மொத்தம் ஒரு ஷீட். ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் இடையிலான தொடர்பு ஃபைலோடு சேர்ந்தே பயணிக்கும். கூகுள் ஷீட்ஸ் ஒரு ஃபைலில் ஒரு கோடி செல் வரை தாங்கும். ஒரு கடைக்கு அது போதாமல் போகாது.

பல இடங்களில் மூன்று ஃபைல் இருப்பதற்குக் காரணமே கிடையாது. முதலில் யாரோ அப்படித் தொடங்கினார்கள், அது தொடர்கிறது. இரண்டு ஜி.எஸ்.டி. பதிவு என்பதால் இரண்டு கணக்கு வேண்டும்தான்; ஆனால் அதற்காக இரண்டு ஃபைல் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடை ஒன்றுதான், ரகசியம். ஷீட்டை மறைப்பது பாதுகாப்பு ஆகாது, ஒரு வலது சொடுக்கில் வெளியே வந்துவிடும். எக்செல்லில் ஷீட்டுக்குப் போடும் பாஸ்வேர்டு கைதவறுதலைத் தடுக்கத்தான். கூகுள் ஷீட்ஸின் 'புரொடெக்ட்' மற்றவர் திருத்துவதைத் தடுக்கும், பார்ப்பதைத் தடுக்காது. குடோன் ஆள் பார்க்கக் கூடாத எண் ஒன்றாவது அந்த ஃபைலில் இருந்தால் இந்த வழி வேண்டாம். எக்செல்லாக வைத்தால், பழைய பதிப்பு வைத்திருப்பவர் திறந்த நேரத்தில் மற்றவருக்குப் பூட்டிக்கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும்.

## வழி 5: லிங்கை அறுத்துப் பிரதி அனுப்புவது

ஆடிட்டருக்கு, வங்கிக்கு, வரி ஆலோசகருக்கு இதைத் தவிர வேறு எதையும் அனுப்பாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அவர் பார்க்க வேண்டியது அந்தத் தேதியின் எண். நாளைக்கு மாறுகிற எண் அவருக்கு உதவாது. தவிர, லிங்க் உள்ள ஃபைல் வெளியே போனால் இரண்டு விஷயம் கூடவே போகும். உங்கள் ஃபோல்டர் அமைப்பு ஒன்று, மூல ஃபைலிலிருந்து எக்செல் எடுத்து வைத்திருக்கும் எண்களின் பிரதி இன்னொன்று.

முதலில் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பிரதியில் 'பிரேக் லிங்க்ஸ்'. இதைத் திரும்பப் பெற முடியாது, அதனால்தான் பிரதி முதலில். வழி 1-இல் சொன்ன ஒளிந்த இடங்களையும் பார்த்துவிடுங்கள், பிரேக் லிங்க்ஸ் அவற்றைத் தொடாமல் விடலாம். ஃபைல் பெயரிலும் முதல் ஷீட்டின் உச்சியிலும் தேதி எழுதுங்கள்.

அன்றாட வேலைக்கு இது உதவாது. நாளுக்கு ஒரு பிரதி அனுப்பத் தொடங்கினால், ஒரே மாதத்தில் எது கடைசிப் பிரதி என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

## இரண்டு ஊர்க் கடைக்கு நான் சொல்லும் அமைப்பு

மஞ்சக்குப்பத்தில் குடோன், நெல்லித்தோப்பில் கடை, முதலாளி போனில் பார்ப்பவர், ஆடிட்டர் வெளியே. இப்படியென்றால் ஸ்டாக்கும் விற்பனையும் வழி 4, அதாவது கூகுள் ஷீட்ஸில் ஒரே ஃபைல். கொள்முதல் விலையும் சம்பளமும் தனி ஃபைல். லாபக் கணக்கு முதலாளி மட்டும் பார்க்கும் மூன்றாவது ஃபைலில், வழி 2 மூலம், அமைப்பு ஷீட்டோடு. ஆடிட்டருக்கு மாதம் ஒருமுறை வழி 5. டேலி வைத்திருந்தால் மட்டும், கணக்கரின் கணினியில் வழி 3. வழி 1-ஐ, ஏற்கெனவே எக்செல்லில் பழகி நன்றாக ஓட்டுகிற இரண்டு பேருக்கு விட்டுவிடுவேன். அவர்களை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

மழைக்காலத்துக்காக, கூகுள் ஷீட்ஸின் ஆஃப்லைன் வசதியை இரண்டு கணினியிலும் அக்டோபருக்கு முன்பே போட்டுவையுங்கள். நெட் இல்லாதபோது பதிவு நடக்கும். அடுத்த ஊரின் எண் மட்டும் நெட் வந்த பிறகுதான் சேரும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு சின்ன வேலையை மட்டும் தவறாமல் செய்யுங்கள். ஒவ்வொரு மூல ஷீட்டின் உச்சியிலும் 'கடைசிப் பதிவு' என்று ஒரு செல் வையுங்கள். அன்றைய பதிவு முடிந்ததும் கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் அன்றைய தேதி அங்கே விழும். அந்தச் செல்லையும் எண்களோடு சேர்த்து மொத்தக் கணக்குக்கு இழுங்கள், மொத்தத்துக்குப் பக்கத்திலேயே தெரியட்டும். தானாக மாறும் 'டுடே' ஃபார்முலாவை அதில் போடாதீர்கள். அது பழைய எண்ணின் பக்கத்தில் இன்றைய தேதியைக் காட்டிவிடும். இரண்டு நாளுக்கு மேல் பழையதென்றால் அந்தச் செல் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டுவிட்டால், 20-ஆம் தேதி மதியம் 3பி போட உட்காருபவர் எண்ணைப் படிப்பதற்கு முன்னால் சிவப்பைப் பார்ப்பார். கடலூருக்கு ஒரு போன் போடுவார்.